தண்ணீரைத் தாங்கும் குழாய் காற்றைத் தாங்குமா?

ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு மருந்து புகட்டுவதற்காக மருந்துக் கடைகளில் விற்பார்களே, அதுதான். அதில் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். அசையவே அசையாது. இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு, காற்றை மட்டும் வைத்து அதேபோல் அழுத்துங்கள். தண்டு பாதி தூரம் உள்ளே போகும். கையை எடுத்தால் துள்ளிக்கொண்டு திரும்பி வரும்.

தண்ணீரை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். காற்று எளிதில் சுருங்கும். சுருங்கும்போது நாம் கொடுத்த ஆற்றலைத் தன்னுள் சேமித்துக்கொள்ளும். இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மூன்று மாணவர்கள்தான் என்னைக் கணக்குப் போட்டுப் பார்க்க வைத்தார்கள்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் குடியிருப்பில் நடக்கும் வார இறுதி அறிவியல் வகுப்புக்கு உதவப் போயிருந்தேன். படிவம் 4 பயிலும் மூவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். பிவிசி குழாய்களை ஒட்டிச் செய்த பீரங்கி. சைக்கிள் பம்பால் காற்றடைத்து வால்வைத் திறந்ததும் உருளைக்கிழங்கு பாய்ந்து போகிறது. "அக்கா, அறிவியல் விழாவுக்கு இதைத்தான் செய்யப் போறோம். குழாய்கூட வாங்கியாச்சு" என்றான் ஒருவன்.

வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரமே யாருடைய வீட்டுப் பின்புறத்திலாவது அதைச் செய்துவிடுவார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது வீட்டில் செய்த மெரியம் வெடித்து விரல்களை இழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். அதைச் சொன்னேன். "அது கார்பைடு, அக்கா. இது வெறும் காற்றுதானே" என்றார்கள். எனவே தாளையும் பேனாவையும் எடுத்தோம்.

கணக்கு சொன்ன பதில்

மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள குழாய் ஒன்று. அதற்குள் வளிமண்டல அழுத்தத்தைவிட 6 பார் கூடுதல் அழுத்தம். நல்ல சைக்கிள் பம்ப் இதை எளிதாகத் தரும். குழாயில் இருப்பது தண்ணீர் என்றால், அது சுருங்கிச் சேமித்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ கால் ஜூல். 100 கிராம் எடையுள்ள ஆரஞ்சுப் பழம் 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

இருப்பது காற்று என்றால்? வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, படிவம் 4 இயற்பியலில் வரும் பாயில் விதியின்படி கணக்கிட்டோம். 2,000 ஜூலுக்கு மேல் வந்தது. 10 கிலோ அரிசி மூட்டை ஆறேழு மாடி உயரத்திலிருந்து விழுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் அதேதான், அழுத்தமும் அதேதான்; ஆற்றல் மட்டும் பல்லாயிரம் மடங்கு.

"குழாயிலேயே 10 பாருக்கு மேல் போட்டிருக்கே" என்றான் குழாய் வாங்கியவன். நல்ல கேள்வி. அந்த எண் தண்ணீருக்கானது. அதுவும் 20 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பநிலைக்கானது. சூடு ஏற ஏற பிவிசி வலுவிழக்கும். 43 டிகிரியில் அதன் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். நாள்பட்ட வெயிலில் பிவிசி நொறுங்கும் தன்மையும் பெறுகிறது.

தண்ணீர்க் குழாயில் விரிசல் விட்டால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடும், தரை நனையும். காற்றடைத்த குழாயில் விரிசல் விட்டால், காற்று விரிந்துகொண்டே குழாயைக் கூரான சில்லுகளாகச் சிதறடிக்கும். அதனால்தான் தரைக்கு மேல் செல்லும் அழுத்தக் காற்றுத் தடங்களுக்கு பிவிசி குழாயைப் பயன்படுத்துவது ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு 1988-லேயே எச்சரித்தது. பொறியாளர்கள் எஃகுக் கலன்களின் வலுவைச் சோதிக்கும்போதுகூடப் பெரும்பாலும் தண்ணீரைத்தான் நிரப்புவார்கள். காற்றுப் பீரங்கிக்கு உண்மையான வேலையும் உண்டு: சிமெண்டு ஆலைகளில் அடைத்துக்கொண்ட பொடியைத் தள்ளிவிடவும், பறவை மோதினால் விமானக் கண்ணாடி தாங்குமா என்று பார்க்கவும் அது பயன்படுகிறது. அவையெல்லாம் உலோகத்தால் செய்தவை. மேலும், நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுகிறது.

மிதித்தால் பறக்கும்

வாங்கிய குழாய் வீணாகவில்லை. மிதி ராக்கெட் செய்தோம். அரை அங்குல பிவிசி குழாயின் ஒரு முனையை 1.5 லிட்டர் குளிர்பானப் புட்டியின் வாய்க்குள் நுழைத்து, துணி டேப்பால் சுற்றினோம். மறுமுனையில் முழங்கை இணைப்பு; அதிலிருந்து மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் குழாய். மூட்டுகளில் பசை கிடையாது, கையால் செருகியதுதான். ஏ4 தாளை அதே அளவுள்ள குழாயில் சற்றுத் தளர்வாகச் சுற்றி, ஒட்டி, மூக்கை மூடி, மூன்று இறக்கைகள் வைத்தால் ராக்கெட் தயார். குழாயில் மாட்டிப் புட்டியை ஓங்கி மிதிக்க வேண்டும்.

இதிலும் வேலை செய்வது அழுத்தப்பட்ட காற்றுதான். ஆனால் 60 கிலோ எடையுள்ளவர் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் நின்றால் கிடைப்பது 60 கிலோபாஸ்கல், அதாவது 0.6 பார். குதித்து மிதித்தால் கூடும். ஆனாலும் காற்று எங்கும் அடைபட்டுக் காத்திருப்பதில்லை. ராக்கெட் கிளம்பியதும் வெளியேறிவிடும். புட்டியை மீண்டும் உப்ப வைக்க, குழாயின் முனையைக் கைக்குள் பொத்தி ஊதினால் போதும்.

உண்மையான அறிவியல் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. இறக்கை இல்லாத ராக்கெட் குட்டிக்கரணம் போட்டு அருகிலேயே விழுந்தது. மூக்கில் சிறிது களிமண் வைத்தது, வெறும் தாள் ராக்கெட்டைவிடத் தூரம் போனது. களிமண்ணைக் கூட்டிக்கொண்டே போனபோது மறுபடியும் தூரம் குறைந்தது. மிகவும் இலேசானதைக் காற்று தடுத்துவிடுகிறது. கனமானதை அந்த மிதியால் வேகமாகத் தள்ள முடிவதில்லை. களிமண்ணின் எடை தற்சார்பு மாறி, விழுந்த தூரம் சார்பு மாறி. மிதிக்கும் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. ஒரே உயரத்திலிருந்து புட்டியின் மேல் புத்தகப் பையைப் போடலாம் என்ற யோசனை அந்த மூவரில் ஒருவனுடையது.

நீங்களும் செய்து பாருங்கள். திறந்த திடலில் செய்யுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். குழாய்க்கு நேரே யாரும் தலையை நீட்டக் கூடாது. சாய்வுக் கோணத்தை மாற்றி மாற்றி ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறையாவது அளந்து சராசரி எடுங்கள். பாடநூல் 45 டிகிரியில்தான் அதிக தூரம் என்று சொல்லும். அது காற்றுத் தடை இல்லாத உலகத்துக்கான கணக்கு. உங்கள் தாள் ராக்கெட்டுக்கு எந்தக் கோணம் சிறந்தது என்பதை அளவுநாடாதான் சொல்ல வேண்டும்.