தானமல்ல, பங்கு!

ஜவ்வாது மலையடிவாரத்திலே படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருவோர் பலரும் அறியார், இது சம்புவராயர் ஆண்ட தலைநகர் என்பதை. விசயநகர ஆட்சியிலே படைவீட்டு இராச்சியம் என்றால் பெயர் பெற்ற சீமை!

அந்தச் சீமையின் தீர்மானம் ஒன்று, வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் கோயிலிலே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26. தேவராயர் காலம். கன்னடர், தமிழர், தெலுங்கர் எனப் பல பிரிவு அந்தணரும் கூடி ஒப்பினர்: இனித் தம்மவர் திருமணம் கன்னிகாதானமாகவே நடக்கும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும், பொன் கொடுத்து மணப்பவனும் அரச தண்டனைக்கு உரியவர், குலத்துக்குப் புறம்பானவர்!

பெண்ணை விலைபேசுவதைத் தடுத்தது நல்லதுதான், மறுக்கவில்லை நாம். ஆனால் தோழர்களே, விலைப்பொருள் அல்ல என்றவர்கள் அவளை என்னவாக்கினர்? தானப்பொருளாக்கினர்! தானம் கொடுத்த பசு, தொழுவத்திலே பங்கு கேட்குமா? அந்த எண்ணந்தான் இன்றும் உயில் வழக்கு, செட்டில்மெண்ட் வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு என்று கோர்ட்டுப் படிகளிலே ஏறி இறங்குகிறது.

அதை எதிர்த்து 1929-இல் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு முழங்கிற்று: ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும்! 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்வீகச் சொத்திலே மகளை மகனுக்குச் சமமாக வைக்கவில்லை. 1989-இல் கலைஞர் ஆட்சி அந்தக் குறையைத் தமிழகத்திலே நீக்கிற்று. எனினும், 1989 மார்ச் 25-க்கு முன்பே மணமானவருக்கு அது எட்டவில்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் அகற்றிற்று. மகளின் பங்கு பிறப்பாலேயே வருவது, 2005-இல் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் வென்றது, வீடு வென்றதா? அண்ணன் தங்கையை அழைக்கிறான்: "அம்மா, ஒரு கையெழுத்துத்தான்! தீபாவளிச் சீர் தவறாமல் வரும்." அவள் போடுவது விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை? அண்ணனுக்கு!

படவேட்டிலிருந்து சற்றே அண்ணாந்து பாருங்கள். மேலே மலையிலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பெண்ணுக்கு இந்தச் சட்டமே நேராகப் பொருந்தாது. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பழங்குடியினருக்கு இது இல்லை என்கிறது 2-ஆம் பிரிவு. திருத்தம் பற்றி ஆராயுங்கள் என்று 2022-இல் உச்சநீதிமன்றமே மத்திய அரசுக்குச் சொன்னது. அடிவாரத்து மகளுக்கு ஒரு நீதி, மலைமகளுக்கு வேறொன்றா? கேட்போம்; ஓயாமல் கேட்போம்.

கேட்குமுன், நம் வீட்டுப் பெட்டியைத் திறப்போம். மேடையிலே பெண்ணுரிமை பேசிய கை, சார்பதிவாளர் அலுவலகத்திலே தங்கையின் கட்டைவிரலைப் பிடித்து மையிலே அழுத்தலாமா? சீர் அன்பின் அடையாளம். பங்கு அவள் உரிமை. இரண்டையும் கொடுப்பவனே தோழன்!