எதை வைப்பது, எதை விடுவது: காப்புப் பிரதிகளும் வட்டின் இடமும்

கணினிக் கோப்புகளுக்குக் காப்புப் பிரதி, அதாவது பேக்கப், எடுத்துவைக்கும் வழக்கம் பரவலாகிவிட்டபோதிலும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கைப் பலர் வட்டு நிரம்பிய பிறகே போட்டுப் பார்க்கின்றனர். 200 ஜிபி தகவல் உள்ள ஒரு கணினியை நாள்தோறும் முழுமையாக நகலெடுத்தால் 30 நாளில் 6,000 ஜிபி இடம் தேவைப்படும். அந்தக் கணினியில் ஒரு நாளில் உண்மையில் மாறுவது 2 ஜிபி மட்டுமே என்றால், மாறாத 198 ஜிபி தினமும் மறுபடி மறுபடி எழுதப்படுகிறது. கடையில் 1 டிபி என்று விற்கப்படும் வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்றே தெரிவதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்குகளிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது, கடைக்காரரின் குற்றமன்று.

முதல் நாள் முழுப் பிரதியையும், பிறகு முந்தைய நாளிலிருந்து மாறியவற்றை மட்டும் எடுக்கும் முறைக்கு இன்கிரிமென்டல் என்று பெயர். மேற்சொன்ன கணினிக்கு இம்முறையில் 258 ஜிபி போதும். ஆனால் முப்பதாம் நாளின் நிலையை மீட்க வேண்டுமானால் முதல் பிரதியிலிருந்து முப்பதாவது வரை அத்தனையும் பழுதின்றி இருந்தாக வேண்டும். பத்தாவது பிரதி கெட்டுப்போனால் அதற்குப் பின் வந்த இருபதும் நம்பத்தக்கவை அல்ல. முழுப் பிரதிக்குப் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொரு நாளும் சேர்த்தெடுக்கும் டிஃபரன்ஷியல் முறையில் மீட்புக்கு இரண்டே பிரதிகள் தேவை. ஆனால் நாள்தோறும் வெவ்வேறு 2 ஜிபி மாறுவதாகக் கொண்டால் மாத முடிவில் அது 1,070 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். ஆக, இடத்தை மிச்சப்படுத்தும் வழிகள் பிரதிகளை ஒன்றையொன்று சார்ந்து நிற்கச் செய்கின்றன; மிச்சத்தின் விலை அந்தச் சார்புதான்.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-இல் உருவாக்கிய ஆர்சிங்க் என்ற மென்பொருளும், ஆப்பிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட டைம் மெஷினின் தொடக்க வடிவமும் இச்சார்பைப் பயனரின் கண்ணில் படாமல் கையாள ஹார்டு லிங்க் என்ற வசதியைப் பயன்படுத்தின. ஒரே தகவலுக்கு வட்டின் அட்டவணையில் பல பெயர்களைப் பதிவுசெய்யும் ஏற்பாடே அது. மாறாத கோப்பு மறுபடி எழுதப்படுவதில்லை. புதிய கோப்புறையில் அதற்கு இன்னொரு பெயர் மட்டும் சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளின் கோப்புறையும், திறந்து பார்த்தால், முழுப் பிரதியாகவே தோன்றும். இதனால் விளையும் குழப்பமும் உண்டு. 200 ஜிபி என்று காட்டும் ஒரு பழைய கோப்புறையை நீக்கினாலும் 2 ஜிபி கூட விடுபடாமல் போகலாம். ஏனெனில் ஒரு தகவலைச் சுட்டும் கடைசிப் பெயரும் நீங்கினால்தான் அதன் இடம் காலியாகும். மேலும், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த ஏற்பாட்டில் அது புதிய கோப்பே. ஆண்டுக்கணக்கான கடிதங்களை ஒரே கோப்பில் அடைத்துவைக்கும் அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் இதனாலேயே பேக்கப் வட்டை வேகமாக நிரப்புகின்றன.

இக்குறைக்கு விடை, கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரியான துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமிக்கும் டீடுப்ளிகேஷன் என்ற முறையாகும். பெல் ஆய்வகத்தின் ஷான் குவின்லன், ஷான் டோர்வர்ட் இருவரும் 2002-இல் விவரித்த வென்டி என்ற அமைப்பில், ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் 160 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் கணிக்கப்பட்டு, அதுவே அத்துண்டின் முகவரியாகவும் ஆனது. அதே எண்ணுடன் மறுபடி வரும் துண்டு சேமிக்கப்படவில்லை. துண்டுகளை எங்கே வெட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சம நீளத்தில் வெட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் பின்வரும் துண்டுகள் அனைத்தும் ஓர் இடம் நகர்ந்து புதியனவாகிவிடும். எனவே இன்றைய போர்க், ரெஸ்டிக் போன்ற மென்பொருள்கள் நீளத்தைப் பாராமல், உள்ளடக்கத்தில் குறிப்பிட்ட ஒரு கணக்கு அமையும் இடத்தில் வெட்டுகின்றன. எழுத்து சேர்ந்த துண்டு மாறினாலும் அடுத்த வெட்டு பழைய இடத்திலேயே விழுகிறது. எனினும் நூறு பிரதிகளுக்கும் பொதுவான துண்டு வட்டில் ஒன்றே இருப்பதால், அது பழுதானால் நூறும் பழுதாகும். டீடுப்ளிகேஷனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டாவது வட்டுக்குச் செலவிடாதவர் அம்முறையைக் கையாளாதிருப்பதே நல்லது.

வென்டியை வடிவமைத்தவர்கள் எழுதியதை அழிக்கவே முடியாது என்று விதித்தனர். வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் அது கட்டுப்படியாகாது. பழையவற்றில் சிலவற்றை விட்டே ஆக வேண்டும். அண்மைக் காலத்தை நெருக்கமாகவும் தொலைவை அகலமாகவும் வைப்பது இதற்கான வழக்கம்: கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன் வாரத்துக்கு ஒன்று என்பது டைம் மெஷினின் ஏற்பாடு. ஏழு நாள், நான்கு வாரம், பன்னிரண்டு மாதம் என்று வைப்பவருக்கு அதிகம் போனால் 23 பிரதிகளில் ஓராண்டு அடங்கிவிடும். விடுவது என்று முடிவெடுத்த உடனே இடம் கிடைப்பதில்லை. ரெஸ்டிக்கில் ஃபர்கெட் என்ற கட்டளை பிரதியின் பதிவை மட்டுமே நீக்குகிறது. வேறெந்தப் பிரதிக்கும் தேவைப்படாத துண்டுகளைத் தேடி அகற்றுவதற்கு ப்ரூன் என்ற தனிக் கட்டளை உண்டு. போர்க் இன்னும் ஒரு படி போய், வட்டை முழுவதும் நிரம்ப விடாதீர்கள் என்று தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. ஏனெனில் பழைய பிரதிகளை அழிக்கும் வேலைக்கே கொஞ்சம் காலி இடம் வேண்டும். இதற்காகச் சிறிது இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் அமைப்பு அதில் இருந்தாலும், வட்டு நிரம்பிய பிறகே பலரும் அதைப் பற்றி அறிகின்றனர்.

இடத்தை மிச்சப்படுத்தும் இன்னொரு வழியான சுருக்குதலால் கிடைக்கும் பலன் தகவலின் வகையைப் பொறுத்தது. உரைக் கோப்புகளும் கணக்குப் பதிவுகளும் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை ஆதலால் அவற்றில் மிச்சம் அநேகமாக இல்லை. பிரவுசரின் கேஷ், மறுசுழற்சித் தொட்டி, மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்கள் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து விலக்குவது இதைவிட எளிய சிக்கனம்.

நிரம்பியதும் பழையதைத் தானே நீக்கும் ஏற்பாடு வசதியானதுதான். அதன் ஆபத்து ரான்சம்வேர் என்ற பணயத் தாக்குதலின்போது வெளிப்படும். கோப்புகள் யாவும் மறையீடு செய்யப்படுவதால் அவை பழைய துண்டுகளோடு பொருந்துவதுமில்லை, சுருங்குவதுமில்லை. வழக்கமாக 2 ஜிபி சேரும் வட்டில் ஒரே இரவில் 200 ஜிபி சேர்ந்து, பயனற்ற புதிய பிரதிகள் நல்ல பழைய பிரதிகளை வெளியே தள்ளிவிடக்கூடும். ஆகவே வட்டில் எவ்வளவு மீதம் என்பதைக் காட்டிலும், நேற்று எவ்வளவு சேர்ந்தது என்ற எண்ணைப் பார்ப்பது பயன் மிக்கது. அது திடீரென்று ஏறினால், காரணம் தெரியும் வரை தானியங்கி நீக்கத்தை நிறுத்திவைத்துவிட்டு, வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.