ஒரு பகல், இரண்டு கிணறுகள்

ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும். வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களுக்கெல்லாம் களை வந்துவிடும். மேற்கே மலைத் தொடர் மேகத்தை முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். அடிவாரம் வரைக்கும் நெல் வயல், வரப்போரங்களில் தென்னை. "இதுவா விருதுநகர் ஜில்லா? கந்தக பூமி என்றல்லவா சொன்னார்கள்!" என்று வெளியூர்க்காரர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள்.

வ. புதுப்பட்டியில் உறவினர் வீடு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மலை, நீர், கோயில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் உண்டென்றால் கட்டுச்சாதமும் உண்டு, கேட்பானேன்!

முதலில் பிளவக்கல். மலையடிவாரத்தில் இரண்டு அணைகள். பெரியாறு அணைக்கு 47 அடி. கோவிலாறு அணைக்கு 42 அடி. (பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு.) 1970-களில் கட்டியவை. மழைக்காலத்தில் மலையின் நிழல் அப்படியே நீரில் தலைகீழாக விழுந்து கிடக்கும். 2025-ல் பக்கத்துக் கூமாபட்டியின் தண்ணீரைப் புகழ்ந்து இளைஞர் ஒருவர் கைபேசியில் எடுத்த படம் நாடெங்கும் பரவிற்று. அதைப் பார்த்துவிட்டு, துண்டும் கையுமாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். அணையில் குளிக்க அனுமதியில்லை என்றதும் அவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குளிக்காவிட்டால் போகிறது, இந்தத் தண்ணீரைக் கண் நிறையப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், அடுத்தாற்போல் நாம் போகிற இடம் அர்ச்சுனாபுரம். அங்கே நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது.

பெரிய எழுத்துப் புத்தகமாகவும், தெருக்கூத்தாகவும், 1935-லும் 1955-லும் சினிமாவாகவும் வந்து தாய்மார்களை அழவைத்த அதே நல்லதங்காள்தான். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டை நம்பி நடந்து வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வழியில் கண்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு வேட்டைக்குப் போய்விடுகிறான். வீட்டில் அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு போனால் போகிறதென்று கொடுத்தது ஓட்டைச் சட்டியும் பச்சை விறகும். அதற்குமேல் சொல்ல எழுதுகோல் கூசுகிறது. குழந்தைகளோடு அவள் விழுந்த கிணறு இதுதான் என்று ஊரார் இன்றும் காட்டுகிறார்கள்.

கதை நடந்த காலம் எது என்று ஆராய்ச்சி வேண்டாம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட பாட்டிகளுக்கு இது கதையாகவா இருந்திருக்கும்? இருக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம். மூளி அலங்காரி என்ற பெயர் இன்றுவரை வசைச் சொல்லாக நிற்கிறது. சரி, நியாயம்தான். ஆனால் தங்கையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்த பிறகும் வேட்டையை விட மனசு வராத அண்ணனை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லையே! சோறு போடுகிறவள் அண்ணி என்பதால் சோறு இல்லாத பழியும் அவள் தலையிலேயே விழுந்துவிட்டதோ, என்னவோ. பிறந்த வீட்டு வாசற்படியில் கையில் பையோடு ஒரு நிமிஷம் தயங்கி நின்ற பெண்கள் நம்மில் எத்தனை பேர் இல்லை? அவர்களுக்கெல்லாம் இந்தக் கோயிலில் பேச்சு வராது.

கிருஷ்ணன்கோவில் வழியாகத் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். பதினொரு நிலையும் 192 அடி உயரமுமான கோபுரம் வெகு தூரத்திலிருந்தே வாவென்று அழைக்கும். இங்கேயும் ஒரு கிணறு உண்டு. கண்ணாடிக் கிணறு என்று பெயர். பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையைத் தான் சூடிக்கொண்டு, அழகு பார்க்க ஆண்டாள் எட்டிப் பார்த்த கிணறு என்கிறார்கள். துளசி வனத்தில் கண்டெடுத்த பெண். பெற்றவள் யாரென்று தெரியாது. ஆனால் அவள் சூடிய மாலையை முதலில் கடிந்துகொண்ட தகப்பனார், பிறகு அதையே பெருமாளுக்குச் சாத்தினார். அவள் கையில் தினம் ஒரு பச்சைக்கிளி; இலைகளால் புதிதாகச் செய்து, மாதுளம் பூவால் மூக்கு வைத்தது. இன்றைக்கும் அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது.

ஒரே பகலில் இரண்டு கிணறுகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கிணற்றருகில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கத் தோன்றும். பெண் குழந்தை கூட வந்திருந்தால், ஆண்டாள் முகம் பார்த்த கதையை அங்கேயே சொல்லுங்கள். மற்றக் கதையை அவள் வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பால்கோவாக் கடைகள். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதுதான் உத்தமம்; காலையிலேயே வாங்கினால் பிளவக்கல் போய்ச் சேருமுன் பொட்டலத்தில் காகிதம்தான் மிஞ்சும்.