ரசீதைக் கிழித்தெறியாதீர்கள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் காரிலே நெடும்பிரயாணம் செய்கிறவர்கள், வழியில் உண்ட ஏதோ ஓர் ஆகாரம் ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் அவஸ்தைப்பட்டுவிட்டு, மறுநாள் அந்தக் கடையைச் சபித்துக்கொண்டே இருநூறு மைல் தள்ளிப் போய்விடுகிறார்களே தவிர, முறையிட வேண்டிய இடத்தில் முறையிடும் எண்ணமே அவர்களுக்கு உதிப்பதில்லை என்பதை ஆண்டுதோறும் கண்டு என் மனம் புழுங்குகிறது.

இண்டர்ஸ்டேட் சாலைகளில் எக்ஸிட்டுக்கு முன்னால் நிற்கும் நீலப் பலகை, கட்டணம் செலுத்திய கடைகளின் சின்னங்களைக் காட்டுமேயன்றி, அவற்றின் சுத்தத்துக்கு ஜாமீன் நிற்பதில்லை. சுத்தத்தைச் சொல்ல வேண்டியது சுகாதாரப் பரிசோதனைச் சீட்டு. அதுவோ லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் ‘ஏ’ என்றும், நியூயார்க் நகரில் குற்றப் புள்ளிகள் 13-ஐத் தாண்டாதிருந்தால் ‘ஏ’ என்றும் தலைகீழாகக் கணக்கிடப்படுகிறது. எத்தனையோ ஊர்களில் எழுத்தே கிடையாது. வழிப்போக்கன் இதை எவ்வாறு அறிவான் என்று அதிகாரிகள் ஒரு கணமேனும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் பல கவுண்டிகள் பரிசோதனை அறிக்கைகளை இணையத்தில் வைத்திருக்கின்றன, புறப்படுமுன் பாருங்கள்.

சைவ உணவினர் ‘தாவர எண்ணெய்’ என்ற சொல்லோடு திருப்தியடையலாகாது. அந்த எண்ணெய்க்கு 1990இல் மாறிய மெக்டொனால்ட்ஸ், உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவைச்சத்தைச் சேர்த்துவந்தது வெளிப்பட்டு, 2002இல் ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. எதில் பொரித்தார்கள் என்பதோடு எதைக் கலந்தார்கள் என்றும் கேளுங்கள்.

உடல் கெட்டுவிட்டால், ரசீதிலுள்ள விலாசம் எந்தக் கவுண்டியைச் சேர்ந்ததென்று முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் வசிக்கும் கவுண்டியன்று, இரவு தங்கிய கவுண்டியுமன்று, கடை இருக்கும் கவுண்டி. அதன் சுகாதார இலாகாவுக்கு, நகரத்துக்கே தனி இலாகா இருந்தால் அதற்கு, தொலைபேசியிலோ இணையப் படிவத்திலோ, எப்போது எதை உண்டீர்கள், எத்தனை மணிக்கு உபாதை தொடங்கியது, உடனிருந்தவர்களில் யார் யாருக்கு வந்தது என்று தெரிவியுங்கள். சால்மனெல்லா கிருமி ஆறு மணி நேரத்திலும் தலைகாட்டும், ஆறு நாள் கழித்தும் தலைகாட்டும். ஆகையால் கடைசியாகச் சாப்பிட்ட கடைமீதே பழியைப் போட்டுவிடாமல், ஒரு வாரத்து ஆகாரம் முழுவதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் உணவைப் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மருத்துவரிடம் மலப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டினாலோ, இன்ஷூரன்ஸ் இல்லையென்று தயங்காமல் மருத்துவமனையின் எமர்ஜென்ஸி பிரிவுக்குப் போங்கள். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களைப் பரிசோதித்து அபாயத்தைத் தணிக்க வேண்டுமென்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பில் பின்னால் வரும். அதற்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், ரசீதைக் கிழித்தெறியாதீர்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருகிறேனென்று அதைக் கேட்டாலும், படமெடுத்துக்கொண்ட பிறகே அவர் கையில் கொடுங்கள்.