கிண்ணத்தில் வளரும் மூளைத் துளி

மனித உடலில் மிகுந்த காவலுக்குள் வைக்கப்பட்ட உறுப்பு மூளையாகும். தோலிலிருந்தோ ஈரலிலிருந்தோ சிறு துணுக்கெடுத்து ஆராய்வது மருத்துவருக்கு எளிது. வாழும் மனிதரின் மூளையிலிருந்து அவ்வாறு எடுப்பது அரிது. வலிப்பு, மனச்சிதைவு, பிறவியிலேயே தோன்றும் மூளைக் குறைபாடு ஆகியவற்றின் வேர்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். மண்டையோட்டைத் திறவாமலே மூளையணுக்கள் வளரும் விதத்தைக் காண அறிவியலார் கண்ட வழியையும், அதில் நமக்குள்ள பங்கையும் இங்குக் காண்போம்.

பரப்பும் திரளும்

1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, உடலுக்கு வெளியே நரம்பிழை நீள்வதைக் கண்டார். அதன்பின் பல்லாண்டுகள் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டின்மீது ஒரே படலமாகப் பரப்பி வளர்த்தே ஆராய்ந்தனர். இம்முறையில் ஒரு குறை உண்டு. காசிமேட்டுக் கரையில் உலரவிட்ட நெத்திலியைப் பார்த்து, அது கடலில் கூட்டமாகத் திரிந்த விதத்தை அறிய இயலுமா? கடலில் ஒவ்வொரு மீனுக்கும் மேலும் கீழும் நாற்புறமும் துணை உண்டு. நரம்பணுவும் அத்தகையதே. ஆகவேதான் நீளம், அகலம், உயரம் என முப்பரிமாணத்தில் அதனை வளர்க்க வேண்டிய தேவை எழுந்தது.

ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக அறிஞர் ஷின்யா யாமானாக்கா, முதிர்ந்த உயிரணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதனை எவ்வகை அணுவாகவும் மாறவல்ல குருத்தணுவாக்கும் முறையை 2006இல் சுண்டெலியிலும், 2007இல் மனித அணுவிலும் நிறுவினார். 2012ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஜான் கர்டனுடன் பகிர்ந்துகொண்டார். இதனால் ஒருவரது தோலணுவையோ குருதியணுவையோ கொண்டே அவரது மூளையணுக்களை வளர்க்க வழி பிறந்தது.

2013இல் வியன்னா நகரில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் இக்குருத்தணுக்களைக் கூழ்த்துளிகளில் பொதிந்து, சுழலும் ஊட்டநீரில் வளர்த்தனர். அவை தாமாகவே அடுக்கடுக்காய் அமைந்து, பட்டாணியளவுத் திரளாயின. இதனை ஆர்கனாய்டு என்பர். நாம் 'உறுப்புரு' எனக் குறிப்போம். தலை சிறுத்துப் பிறந்த நோயாளி ஒருவரின் அணுக்களிலிருந்து வளர்த்த உறுப்புரு சிறுத்தே வளர்ந்தது. பெருகவேண்டிய அணுக்கள் காலத்துக்கு முன்பே நரம்பணுக்களாக மாறிவிட்டமையே அதற்குக் காரணம் எனக் கண்டனர். விதைநெல்லைச் சமைத்துண்டவன் வயலில் அடுத்த விளைச்சல் ஏது?

சென்னையின் பங்களிப்பு

உறுப்புருவில் குருதிக்குழாய்கள் இல்லை. திரள் பெருக்கப் பெருக்க உயிர்வளியும் ஊட்டமும் நடுவிடத்தை எட்டாமையால் அங்குள்ள அணுக்கள் மடிகின்றன. இக்குறையைக் குறைக்கும் முயற்சியொன்றில் தென்சென்னையிலுள்ள சென்னை ஐ.ஐ.டி. ஈடுபட்டது. அங்குள்ள இக்ராம் கான், அனில் பிரபாகர் ஆகியோர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மிருகாங்க சுர் குழுவினருடன் இணைந்து உருவாக்கிய சிறு வளர்ப்புக் கலம் பற்றிய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. பல் மருத்துவத்தில் பயன்படும் ஒருவகைப் பிசினைக் கொண்டு முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்டது அக்கலம். ஊட்டநீர் சிறு துளைகளின் வழியே உட்செல்லும். திரளை வெளியே எடுக்காமலே நுண்ணோக்கியில் வைத்துக் காணலாம். ஏழு நாள் வளர்ச்சியைத் தொடர்ந்து கண்ட அவர்கள், வழக்கமான முறையைவிட இக்கலத்தில் நடுவிடத்து அணுக்கள் குறைவாகவே மடிந்தன என அறிந்தனர். கலத்தைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், செலவும் குறைவு.

இது மூளைதானா?

"மனிதன் மூளையைப் படைத்துவிட்டானா?" எனப் பெரியோர் வினவக்கூடும். இல்லை என்பதே விடை. இறைவன் அளித்த உயிரணுவைப் பேணி வளர்த்தார்களேயன்றி, இல்லாமையிலிருந்து எதனையும் படைக்கவில்லை. இத்திரள் கருவின் தொடக்கநிலை மூளைத் திசுவை ஒத்தது. கண்ணும் செவியும் உடலும் அதற்கில்லை. அது உணர்வுடையது என்பதற்குச் சான்றும் இல்லை. எனினும் எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டுக் குருத்தணு நெறிமுறைகள், அணுவைத் தருவோரின் ஒப்புதலை வலியுறுத்துகின்றன.

நம் தெருவிலிருந்து செல்லவேண்டியவை

ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுகள் வளரும் நரம்பணுக்களை எவ்வாறு தாக்குகின்றன என்பதை ஆராயவும் உறுப்புருக்கள் பயன்படுகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நமக்கு இச்செய்தி தொலைவானதன்று. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்ததைக் கண்டோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதையும், அதே மாதம் 26ஆம் நாள் இரவில் பெரியகுப்பத்தருகே குழாயிலிருந்து அமோனியா கசிந்ததையும் கண்டோம். நஞ்சு அணுவை என்ன செய்யும் என்பதைக் கிண்ணம் சொல்லக்கூடும். நம் குழந்தையின் குருதியில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்பதை அது சொல்லாது. அதனை இங்குள்ள காற்றிலும் நீரிலும் குருதியிலும் அளந்தே அறியவேண்டும். அவ்வளவீட்டைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

மற்றொன்றும் உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள், மனநோய் பலரிடம் காணப்படும் குடும்பங்களின் குருதியணுக்களிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கி ஆராய்கின்றன. நோயை ஒளிக்காது முன்வந்த குடும்பங்களால்தான் அது கைகூடியது. நம் தெருக்களிலோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்றஞ்சி வலிப்பை மறைப்போர் உளர். மனநோயைக் காற்று கருப்பு என்று கூறி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவோரும் உளர். நோய்க்கு மருந்து தேடுவதை நெறியாகக் கொண்ட மரபு நம்முடையது. துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மாணவச் செல்வங்களே! இவ்வறிவியலை நல்ல தமிழில் இல்லந்தோறும் எடுத்துரையுங்கள். ஆய்வகக் கிண்ணம் தானாக எவ்வினாவையும் எழுப்புவதில்லை. நம் வினாவை நாமே அங்குக் கொண்டுசெல்ல வேண்டும்.