உரோமைக்குப் போகும் இராயப்பன்

மொரப்பூரில் இரயிலேறினால் சென்னை; சென்னையில் விமானமேறினால் உரோமை. சொல்வதற்கு எளிதுதான். ஆயினும் நடுவே விசா என்னும் வாயில் ஒன்று உண்டு. புனித பேதுருவின் கல்லறையை வாழ்நாளில் ஒருமுறையேனும் காண விழையும் நம் குடும்பத்தார் பலர் அவ்வாயிலில்தான் தடுமாறுகின்றனர்.

வத்திக்கான் 1929 முதல் தனி நாடு. எனினும் அங்குச் செல்லும் வழி இத்தாலி வழியே. ஆகவே நமக்கு வேண்டுவது ஷெங்கன் விசா. 29 ஐரோப்பிய நாடுகளுக்கு அது ஒன்றே போதும். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம்.

முதல் இடர் பெயரில் தொடங்குகிறது. நம் பாட்டனார் காலந்தொட்டு ஒரே புனிதருக்கு இரு பெயர் வழங்கி வருகிறோம். திருமுழுக்கு ஏட்டில் இராயப்பன். பள்ளிச் சான்றில் பீட்டர். வீட்டில் சூசை, வங்கியில் ஜோசப். சவரிமுத்து சேவியராவதும், சின்னப்பன் பாலாவதும் நமக்கு வியப்பன்று. தூதரக அதிகாரிக்கோ இவர்கள் இருவேறு மனிதர். தலைப்பெழுத்தும் இவ்வாறே: ஓர் ஏட்டில் தந்தை பெயர் விரிந்திருக்கும், மற்றொன்றில் ஒற்றை எழுத்தாய் நிற்கும். குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாய் விட்ட பாஸ்போர்ட்டுகளும் நம்மிடையே உள. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயருடையோருக்குச் சுற்றுலா விசா இல்லையென அறிவித்தபோதுதான் பலர் விழித்தனர். பாஸ்போர்ட்டிலுள்ள பெயரே வங்கிக் கணக்கிலும் காப்புறுதியிலும் பயணச்சீட்டிலும் எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். பெயரையே மாற்ற வேண்டுமாயின் அரசிதழில் வெளியிட்டு, மற்ற ஏடுகளை அதன்படி திருத்துக. இதற்கு மாதங்கள் ஆகும். எனவே பயணம் பேசத் தொடங்கும்போதே செய்க.

அடுத்தது பணம். அதிகாரி அறிய விரும்புவது நம் செல்வத்தை மட்டுமன்று. இவர் ஊர் திரும்புவாரா என்பதையே பெரிதும் நோக்குகிறார். மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் உழவரிடம் மாதச் சம்பளச் சீட்டு ஏது? பட்டா, சிட்டா, விளைபொருள் விற்ற பணம் வரவான வங்கிக் கணக்கு, ஊரிலிருக்கும் மனைவி மக்கள் ஆகியவையே அவருக்குச் சான்று. இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைக்கலாம். “ஒரு வாரத்துக்கு இரண்டு இலட்சம் போட்டுத் தருகிறேன், வட்டி மட்டும் கொடும்” என்று தரகர் எவரேனும் கூறின், அவரை வாயிலோடு அனுப்பிவிடுக. திடீரென நுழைந்த தொகையே ஐயத்தை எழுப்பும். பொய்ச் சான்று வெளிப்பட்டால் விசா மறுக்கப்படும்; அம்மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஐந்தாண்டு வரை நிற்கும். பிழை தரகருடையது, பெயர் நம்முடையது.

பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாயும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பின் மூன்று மாதமேனும் செல்லுவதாயும், இரு வெற்றுப் பக்கங்கள் உடையதாயும் இருத்தல் வேண்டும். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையலாகாது. பெரியவர்க்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைந்தால் ஏலாது. கைரேகை பதியச் சென்னை மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். அம்மையம் தாள்களைப் பெறுமேயன்றி முடிவு செய்வதில்லை. முடிவு இத்தாலியத் தூதரக அதிகாரிகளுடையது. “மையத்தில் எனக்கு ஆளிருக்கிறது” என்பவரின் பேச்சு எத்தகையது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மறுப்பு வந்தால் காரணம் எழுத்தில் தரப்படும். கட்டணம் திரும்பாது, மேல்முறையீடு செய்யலாம், குறையை நீக்கி மீண்டும் விண்ணப்பிக்கவும் செய்யலாம். விமானத்துக்கு முன்பதிவு மட்டும் காட்டி விண்ணப்பித்து, விசா கைக்கு வந்தபின் பணம் கட்டுவோர்க்கு அப்போது பயணச்சீட்டுப் பணமேனும் மிஞ்சும்.