மழைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

மாணவர்களே, “பருவநிலை மாற்றத்தால் பயங்கரவாதம் பெருகுகிறது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். மழை குறைந்தால் ஒருவன் ஏன் துப்பாக்கியைத் தூக்கணும்? நடுவில் உள்ள படிகளைக் காட்டினால்தான் அது கருத்து விளக்கம்.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை எடுத்துக்கொள்வோம். நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் ஆகிய நான்கு நாடுகள் அதைச் சுற்றி உள்ளன. 1960களில் அதன் பரப்பு ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர். அடுத்த இருபது ஆண்டுகளில் வறட்சியாலும் பாசனத்துக்கு நீர் எடுத்ததாலும் சுமார் 90 விழுக்காடு சுருங்கிப்போனது. பின்னர் ஓரளவு நீர் திரும்பினாலும் மழையை நம்ப முடியவில்லை.

மீனவர், விவசாயி, மாடு மேய்ப்பவர் மூவருக்கும் அதே நீர்தான். வருமானம் குறைந்தது, சண்டை வந்தது. அரசாங்க உதவியும் சரியாகக் கிடைக்கவில்லை. 2009இல் வன்முறையில் இறங்கிய போகோ ஹராம் இந்த நிலையைப் பயன்படுத்திக்கொண்டது. வேலையற்ற இளைஞர்களுக்குப் பண ஆசை காட்டியது, மாடுகளைக் கொள்ளையடித்தது, மீனவர்களிடம் ‘வரி’ பிடுங்கியது. சிக்கல் எல்லை தாண்டி நான்கு நாடுகளுக்கும் பரவியது. 2017இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2349ஆம் தீர்மானம், இவ்வட்டாரத்தின் நிலைத்தன்மையைப் பருவநிலை மாற்றமும் பாதிப்பதாகக் குறிப்பிட்டது.

கவனியுங்கள்: வறட்சி வந்த எல்லா ஊரிலும் கும்பல் உருவாவதில்லை. வறுமை, ஊழல், வேலையின்மை எல்லாம் சேரணும். ஆகவே, “காரணம்” என்று முடிக்காமல், “ஏற்கெனவே இருந்த சிக்கலை மோசமாக்கியது” என்று எழுதுங்கள். அந்த ஏரிக்கரை மக்களில் பெரும்பாலோர் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். அதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களும் பலர்.